ரஷ்யாக்காரர் போட்ட டியூட்டி

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். வரட்டும். அந்தச் சக்களத்திக்கு நரைத்த மீசை இருந்தது, காக்கி டிரவுசர் இருந்தது, சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வாடகை சைக்கிள் கடையும் இருந்தது. ஊரில் எல்லோரும் அவரை ரஷ்யாக்காரர் என்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அண்ணாச்சி என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் குழையும். என்னை அப்படி ஒரு நாள் கூப்பிட்டதில்லை. எனக்கு 'ஏட்டி'தான், அதுவும் சட்டையைக் காணோம் என்று தேடும்போது.

அவர் ரஷ்யாவில் பிறந்தவரெல்லாம் இல்லை. பக்கத்துக் கிராமம்தான். பட்டாளத்தில் சாமான் கிடங்கில் வேலை. ரஷ்யாவிலிருந்து டாங்கி வாங்கிய காலத்தில், அதன் உதிரிச் சாமான்களை எப்படி அடுக்கிவைத்துக் காப்பாற்றுவது என்று படித்து வர ஒரு கூட்டத்தை அனுப்பினார்களாம். அதில் ஒருவராகப் போய், கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தார். போனவர்கள் பனியைப் பற்றிப் பேசுவார்கள், அந்த ஊர்ப் பெண்களின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். இந்த மனுஷன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தேசத்து ராணுவம் எப்படி வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடக்கிறது என்பது. அவர் வேலை படித்த கிடங்கு அப்படி ஒரு வட்டாரத்தின் தலைமையிடத்தில் இருந்ததாம். அதைத்தான் பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்து, பஞ்சர் ஒட்டிக்கொண்டே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். என் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் அது வந்ததுதான் எனக்கு ஆற்றமாட்டாத ஆத்திரம்.

என் வீட்டுக்காரர் பவர்லூமில் தறி ஓட்டினார். ஷிப்டு முடிந்தால் நேரே வீட்டுக்கு வர வேண்டியதுதானே? வரமாட்டார். ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய், பஞ்சு ஒட்டிய தலையோடு அந்தக் கடையில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு, நான் ஆக்கி வைத்தது ஆறிப்போன பிறகு வருவார். ஒரு நாள் தட்டில் சோற்றைப் போட்டதும் விரலால் கோடு கிழிக்க ஆரம்பித்தார்.

"இந்தா பாருட்டி, இந்தத் தட்டுதான் தேசம். அம்புட்டுப் பெரிய தேசத்த ஒரே இடத்துல இருந்து பாத்துக்கிட முடியுமா? அதனால ராணுவத்துக்குன்னு தனியா வட்டாரம் பிரிச்சு வச்சிருக்கான். ஒரு வட்டாரத்துக்கு ஒரு தளபதி. அந்த எல்லைக்குள்ள இருக்க பட்டாளம், கிடங்கு, ஆஸ்பத்திரி, பழக்குத பள்ளிக்கூடம், அம்புட்டும் அவன் பொறுப்பு. அவனுக்குன்னு ஒரு சபை உண்டு. கூடி உக்காந்துதான் முடிவெடுப்பாக. அவனுக்குக் கீழ ஆள் எடுக்க ஒருத்தன், பழக்க ஒருத்தன், பின்தளத்துக்கு ஒருத்தன்."

"பின்தளம்னா?"

"சோறு, துணி, பெட்ரோல், மருந்து. போர்முனைக்குச் சோறு போகலேன்னா துப்பாக்கி போய் என்னலே செய்யும்னு அண்ணாச்சி கேப்பாரு."

"சண்டை வந்தா அந்தத் தளபதி முன்னால போய் எல்லாரையும் வெட்டிச் சாச்சிருவானாக்கும்."

"அதான் இல்லட்டி!" என்று தொடையில் தட்டினார். "எல்லையில இருக்க வட்டாரம் அப்படியே போர்முனையா மாறிரும். உள்ள இருக்க வட்டாரம் இருக்கே, அது தான் வளத்த பட்டாளத்தையெல்லாம் முனைக்குக் கொடுத்திரும். கொடுத்த பெறகு அது முனைத் தளபதியோட பட்டாளம். வளத்தவனுக்குப் பாத்தியதை கிடையாது. அவன் அங்கனயே உக்காந்து அடுத்த பட்டாளத்த வளக்கணும். நீ யோசிச்சுப் பாரு, அதுக்கு எம்புட்டு மனசு வேணும்!"

"அப்ப கொழம்பு யாருக்கு?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார். நான் குழம்பே ஊற்றவில்லை. வெறும் சோற்றில் தேசம் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதையெல்லாம் அந்த மனுஷன் வெறும் கதையாகச் சொல்லவில்லை, அதுதான் வினை. அப்படியே நடந்தும் காட்டினார். கடையில் வேலை பழகியவனைக் கையோடு வைத்துக்கொள்வதுதான் தொழில் தெரிந்தவன் செய்வது. இவர் என்ன செய்வார்? ஒருவன் நன்றாக வீல் கோட்டம் எடுக்கப் பழகிவிட்டால், அவனுக்கு இடம் பார்த்து, சாமான் வாங்கிக் கொடுத்து, தனிக்கடை போட்டு அனுப்பிவிடுவார். ஒருவனுக்கு எதிர்த்த வரிசையிலேயே கடை போட்டுக் கொடுத்தார். இவருடைய வாடிக்கை பாதி அங்கே போயிற்று. நாங்களெல்லாம் சிரித்தோம்.

"என்ன அண்ணாச்சி, எதுத்தாப்புல நீங்களே குழி வெட்டி வச்சிருக்கீகளே?" என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "வளத்து விடுறதுதான்வே வட்டாரத்து வேலை. வச்சுக்கிடுறது இல்ல" என்றாராம். இதை என் வீட்டுக்காரர் வேதவாக்கு மாதிரி வந்து சொன்னார். எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த சாமான் ஒன்றையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு ஒன்று கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு அதைப் பார்த்தாலே வேர்க்கும். ஒரு மார்கழியில் பருத்திக் கிடங்குக் காவல்காரர் இருமினார் என்று அவர் தோளில் போட்டு அனுப்பிவிட்டார். வெள்ளிப் பிடி போட்ட தேநீர்க் கிளாஸ் டீக்கடைக்காரரிடம் போனது. காதை மூடும் தொப்பி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் நான் முருங்கைக்காய் போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. மறுநாள் தொப்பியைத் துவைத்துக் காயவைத்து டிரங்குப் பெட்டியில் என் கூறைப்புடவைக்கு மேலே வைத்தார். கூறைப்புடவைக்கு மேலே!

ரஷ்யாக்காரருக்கும் பெண்டாட்டி இருந்தாளாம். இவர் ரஷ்யாவில் இருந்தபோதே ஊரில் காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி வந்து, இவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பெண்டாட்டி இல்லாதவருக்கு என் புருஷன்தானா கிடைத்தார்?

நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஆடித் தபசுக்குக் கூட்டிப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார். எங்கள் வாசுதேவநல்லூரிலிருந்து சிறுபிள்ளையில் வண்டி கட்டி வந்து, சாமியைக் காண ஒத்தைக்காலில் தவம் நிற்கிற அம்மன் மேல் பருத்தியும் வத்தலும் எறிந்துவிட்டுப் போவோம். இப்போது அதே ஊரில் வாழ வந்த பெண்ணாக, புருஷனோடு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புதுச் சேலை கட்டி, பூ வைத்துத் தயாராக நின்றேன். அந்த வருஷம்தான் ரஷ்யாக்காரர் தபசுக் கூட்டத்துக்குத் தொண்டர் படை அமைத்தார். ரதவீதிகளை வட்டாரமாகப் பிரித்து, தறிக்காரர்களையெல்லாம் சேர்த்து, தண்ணீருக்கு ஒரு கூட்டம், மயங்கி விழுகிறவர்களுக்கு ஒரு கூட்டம், காணாமல் போகிற பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை. நன்றாகத்தான் செய்தார், பொய் சொல்லக்கூடாது. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர்ப் பந்தல்.

"ஒரு எட்டு போய்ட்டு வந்துருதேன்ட்டி, நீ மண்டபத்துப் பக்கம் நில்லு" என்று போனவர் போனவர்தான்.

கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. செருப்பு வார் அறுந்தது. ஒரு தொண்டன் வந்து, "யாரக்கா தேடுதீக?" என்றான். "எங்க வீட்டுக்காரகளத் தேடுதேன்" என்றேன். அவன் நேரே கொண்டுபோய் என்னைக் காணாமல் போன பிள்ளைகள் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டான். சுற்றிலும் மூக்கொழுகி அழுகிற பிள்ளைகள். நடுவில் பட்டுச்சேலையோடு நான். அப்போதுதான் அந்த மனுஷன் பார்வையிட வந்தார்.

"தம்பி பொண்டாட்டியா? பத்திரமா வந்து சேந்துட்டியே. அவன் தண்ணிப் பந்தல்ல நிக்கான். டியூட்டி முடியட்டும் தாயி, தாரேன்."

தாரேன்! என் புருஷனை எனக்கு இவர் தருகிறாராம். கிடங்கிலிருந்து சாமான் எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். அம்மன் ஒத்தைக்காலில் நின்று அவள் சாமியைப் பார்த்துவிட்டாள். நான் இரண்டு காலில் நின்றும் எனக்குக் கிடைத்தது அந்தக் கொட்டகைதான்.

நெருக்கடி நிலை முடிந்து ஊர் மூச்சுவிட்ட சமயத்தில்தான் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் முடியாது என்றார்கள். தறிகள் நின்றன. ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனதும் எனக்குக் காதடைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்போது நான் வயிற்றோடு இருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று தரிக்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை உட்கார்ந்தால் பயம், எழுந்தால் பயம்.

தறிக்காரர்கள் போய் ரஷ்யாக்காரரைக் கேட்டார்கள். "போராட்டம் நடத்த எனக்குத் தெரியாதுவே. போராடுதவனுக்குப் பின்னால நிக்கத் தெரியும்" என்றாராம். அவ்வளவுதான், ஊர் மறுபடியும் வட்டாரமாகப் பிரிந்தது. தெருவுக்கு ஒருவர் பொறுப்பு, சேர்ந்து முடிவெடுக்க ஒரு சபை. வாடகை சைக்கிள் எல்லாம் சேதி கொண்டுபோகிறவர்களுக்கு. கிராமங்களுக்குப் போய் அரிசியும் விறகும் கேட்டுவர ஒரு கூட்டம். தறிக்காரர் குடும்பங்களுக்குக் கஞ்சித்தொட்டி. அந்தக் கஞ்சித்தொட்டிக்கு, அதாவது பின்தளத்துக்கு, தலைவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்.

வெந்நீர் வைக்கச் சொன்னால் அடுப்பைப் பார்த்து முழிக்கிற மனுஷன்! அங்கே போய்ப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். உப்புப் பார்த்தார். துவையல் அரைக்க ஆள் போட்டார். எல்லோரும் குடித்த பிறகு அண்டாவை அவரே கழுவினாராம். எதிர்வீட்டுக்காரி வந்து, "ஏக்கா, அண்ணன் கைப்பக்குவம் கேக்கவே வேண்டாம்" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. பட்டினி கிடந்தாலும் அந்தத் தொட்டிக் கஞ்சி எனக்கு வேண்டாம் என்று வீட்டில் இருந்த குருணையைக் காய்ச்சிக் குடித்தேன். அவர் தூக்குச் சட்டியில் கொண்டுவந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். என் புருஷன் வைத்த கஞ்சியை ஊரோடு சேர்ந்து நானும் கையேந்திக் குடிக்க வேண்டுமா? எனக்கென்று தனியாக ஒரு வாய் வைத்துக் கொடுத்ததுண்டா?

என் அண்ணன் ஊரிலிருந்து பார்க்க வந்தான். என் கன்னம் ஒட்டியதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, குளத்துல தண்ணி கெடக்கு. வயலுக்கு ஆள் வேணும். ரெண்டு பேரும் வந்துருங்க. பேறுகாலம் முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்."

"அவளக் கூட்டிட்டுப் போங்க மச்சான். மாமியா வீட்டுச் சோத்துல உக்காருத ஆளு நான் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு கொஞ்சம் தயங்கி, உள்ளே இருந்ததையும் சொன்னார். "பின்தளத்த விட்டுட்டு நான் எப்படி வாரது?"

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், நான் போக வேண்டியவள்தான். ஆனால் முதல் பிள்ளை போனபோது நான் தனியாகக் கிடந்தேன், அவர் ஷிப்டில் இருந்தார். இந்தத் தடவை அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அம்மன் மேல் ஆணையிட்டுப் பார்த்தேன். "ஏட்டி, புரிஞ்சிக்கிடேன்" என்பார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எங்கே போய்க் கேட்க வேண்டுமோ அங்கே போய்க் கேட்க வேண்டும்.

அண்ணனைத் திண்ணையில்லாத அந்த ஒற்றை அறையில் உட்காரவைத்துவிட்டு, மத்தியான வெயிலில் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்கு நடந்தேன். ரஷ்யாக்காரர் தண்ணீர்ச் சட்டியில் டியூப்பை முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு ஊரே ஆள் இருக்கு. எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்காக. அவுகளக் கொடுத்திருங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "எத்தன மாசம் தாயி?"

சொன்னேன். மூத்தது தங்காமல் போனதையும் சொன்னேன்.

"எங்கிட்ட அவன் சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்லுவாக? இங்கன வந்தா ஒங்க ரஷ்யாவக் கேக்கவே நேரம் சரியா இருக்கு."

டியூப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, "பின்தளத்துல இருந்து இப்ப ஆள எடுத்தா அங்கன பெரிய ஓட்டை விழும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"விழட்டும்" என்றேன். "முனைக்கு முனைக்குன்னு சொல்லுதீகளே, எனக்கு இதான் முனை. ஒண்ணப் பறிகொடுத்துட்டு நிக்கேன்."

அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. தந்தி வந்த நாளை நினைத்தாரோ என்னவோ, அது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. "சரி தாயி. எடுத்துக்கோ" என்றார்.

சண்டைக்கென்று ஒரு மூட்டை வார்த்தை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவிழ்க்கவே இடமில்லாமல் போயிற்று.

என்னையும் கூட்டிக்கொண்டு கஞ்சித்தொட்டிக்கு நடந்தார். என் வீட்டுக்காரர் புகையில் கண் சிவந்து, அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார்.

"ஏலே, ஒன்ன இங்கன இருந்து எடுத்துட்டேன்" என்றார் ரஷ்யாக்காரர். "ஒனக்கு வேற டியூட்டி. இவளோட வாசுதேவநல்லூர் போ. நான் சொல்லுத வரைக்கும் இவ பக்கத்த விட்டு அசையப்படாது. வீட்டோட மாப்பிள்ளைன்னு எவனாவது சொன்னா, டியூட்டியில வந்திருக்கோம்னு நெனச்சிக்கிடு. வெளங்குதா?"

"சரி அண்ணாச்சி."

அவ்வளவுதான்! நான் அவ்வளவு அழுது கேட்டதற்கு அசையாத மனுஷன், ஒரு வார்த்தைக்கு அகப்பையைக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ரஷ்யாக்காரர் அகப்பையை வாங்கி அண்டாவைக் கிண்ட ஆரம்பித்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போகும்போது நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படத்தான் பார்த்தேன். வயிற்றெரிச்சல்தான் வந்தது.

ஆனால் ஊருக்குப் போன பிறகு அதெல்லாம் மறந்துபோகிற மாதிரி வாழ்க்கை அமைந்தது. பெண் பிறந்தாள், நன்றாகப் பிறந்தாள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. பேறுகாலக் கஞ்சியை என் அம்மாவை வைக்கவிடாமல் அவரே வைத்தார். பூண்டு போட்டு, பதமாக, ஆற்றி. அந்தக் கஞ்சியைக் குடித்தபோதுதான் சங்கரன்கோவிலே அதற்கு ஏன் வரிசையில் நின்றது என்று எனக்குத் தெரிந்தது. வயலுக்குப் போனாலும் மத்தியானம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். குளத்துக்குத் துவைக்கப் போனால் பெண்கள், "ஒம் புருஷன் மாதிரி ஒலகத்துல உண்டுமாட்டி" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

வேலை நிறுத்தம் ஒருவழியாக முடிந்தது. தறிகள் ஓடின. பழைய முதலாளியே ஆள் அனுப்பியும் என் வீட்டுக்காரர் திரும்பிப் போகவில்லை. ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான், ஆனாலும் சங்கரன்கோவில் பக்கமே தலைவைக்கவில்லை. தபசுக்குக்கூட என்னையும் பிள்ளையையும் அண்ணனோடு அனுப்பிவிட்டு பஸ் நிறுத்தத்தோடு நின்றுகொள்வார். அங்கிருந்து யாராவது வந்தால் மட்டும் மெதுவாகக் கேட்பார். "அண்ணாச்சி நல்லா இருக்காரா? ஏதும் சொல்லிவிட்டாரா?" ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பார்கள். சரி என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறந்துகொண்டிருக்கிறார், அதற்கு நாள் ஆகிறது என்று நினைத்தேன். சக்களத்தியைத் துரத்திவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு கெக்கலிப்பு. டிரங்குப் பெட்டியில் அந்தத் தொப்பி மட்டும் என் கூறைப்புடவைக்கு மேலேயே கிடந்தது. எடுத்து எறிய நான் துணியவில்லை.

என் மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு காலை, ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ரஷ்யாக்காரரிடம் வேலை பழகி, எதிர்த்த வரிசையில் கடை போட்டவர். அண்ணாச்சி போய்விட்டார் என்றார்.

என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமாவே மேலுக்கு முடியல" என்றார் வந்தவர். "கடைசியில ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கஞ்சி எறங்கல, அவன் வச்சா எறங்கும்னு சொன்னாரு. போய்க் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சின்னு கெளம்பினேன். கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. கொடுத்த ஆளத் திருப்பிக் கேக்கப்படாதுலேன்னுட்டாரு."

நான் உள்ளே போய் என் வீட்டுக்காரருக்கு வெள்ளை வேட்டி எடுத்து வந்தேன். "கெளம்புங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

"அவரு வரச் சொல்லலியே" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இத்தனை வருஷமும் அவர் மறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்திருக்கிறார். 'நான் சொல்லுத வரைக்கும்' என்று அந்த மனுஷன் சொன்னார், இவர் அந்தச் சொல் வருவதற்காக என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். பேறுகாலக் கஞ்சி, மத்தியானம் வந்து காட்டிய முகம், பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த நடை. குளத்தங்கரையில் நான் பீற்றிக்கொண்ட அத்தனையும் யாருடையது? எனக்கு வந்த கோபத்தில் செத்தவரைப் போய் உலுக்க வேண்டும் போல் இருந்தது.

"நான் சொல்லுதேன், எந்திரிங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார்.

ஸ்டேஷன் ரோடு முழுக்க ஆள். ராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி என்று அவர் வளர்த்து அனுப்பியவர்கள் எல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் சைக்கிளில் வந்திருந்தார்கள். அவருடைய கடைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணிகள்தான் இருந்தன, மாட்டியிருந்த சாமான்கள் எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. என் வீட்டுக்காரர் கால்மாட்டில் போய் நின்றார். அழவில்லை. பெட்டியிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியாது, மடியிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து அவர் கால்மாட்டில் வைத்தார். வைத்த பிறகுதான் அழுதார். ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் பறிகொடுத்த பிள்ளைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. எனக்கு ஒன்று ஆனால் இப்படி அழுவாரா என்று, அந்த எழவு வீட்டில் நின்றுகொண்டு நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், இப்போது இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். புளியங்குடி வழியாகப் போகிற வண்டி நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழேயே நின்று, தறிகள் ஓடுகிற சத்தம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து இடத்தில் கையை வைத்து, யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். டிரைவர் ஹாரன் அடித்த பிறகு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் கேட்டேவிட்டேன்.

"இனிமே ஒங்களுக்கு ஆர்டர் போட ஆள் இல்ல. எம் பக்கத்துலயே இருக்கணும்னு கட்டாயமும் இல்ல. இங்கன இருக்கணும்னா இறங்கிக்கிடுங்க."

கண்டக்டர் வந்தான். "வாசுதேவநல்லூர் ரெண்டு" என்று அவர் வாங்கி, டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டியூட்டி முடிஞ்சிட்டுன்னு அவரு சொல்லிட்டுப் போகலியேட்டி."

சிரிக்கிறாரா என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். மீசை ஓரம் ஏதோ அசைந்த மாதிரிதான் இருந்தது, கண் நிறைந்திருந்தது. எது எனக்கு, எது ரஷ்யாக்காரருக்கு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போதும் எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான் கஞ்சி வைக்கிறார், பூண்டு போட்டு, பதமாக, ஆற்றி. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறேன். குடித்து முடித்ததும் கேட்கிறேன், "இது டியூட்டியா, எனக்கா?" என்று. கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போய்விடுவார். அந்தப் பாழாய்ப்போன மனுஷன் இருந்தாலாவது ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய், இவரை முழுசாகக் கொடுத்தீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டு வந்திருப்பேன்.